நூறு ஆட்டம் ஜெயித்த அணி மூன்றே ஆட்டத்தில் வீட்டுக்குப் போவது ஏன்?

கேள்வி இதுதான்: "அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 2023-ல் 100 ஆட்டங்களோ அதற்கு மேலோ ஜெயித்த மூன்று அணிகளும் பிளேஆஃபில் தாங்கள் ஆடிய முதல் தொடரிலேயே தோற்றுப் போயின. ஆறு மாதம் எல்லாரையும் அடித்த அணி ஒரே வாரத்தில் எப்படிச் சுருண்டு விழுகிறது? முதல் சுற்றில் ஆடாமல் ஓய்வெடுப்பதால் டச் விட்டுப்போகிறது என்கிறார்களே, உண்மையா?"

ஓய்வுதான் காரணம் என்ற கதையை நான் நம்பவில்லை. பேஸ்பாலில் நல்ல அணிக்கும் சுமாரான அணிக்கும் உள்ள தூரம், நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. அந்தக் குறைந்த தூரத்தை வெளியே காட்டத்தான் சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டம் வைத்திருக்கிறார்கள். ஐந்து ஆட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது. இதை விளக்கத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 2023-ஐ ஒரு தடவை பார்த்துவிடுவோம். அட்லான்டா பிரேவ்ஸ் 104 வெற்றி, பால்டிமோர் ஓரியோல்ஸ் 101, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் சரியாக 100. ஓரியோல்ஸை டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 3-0 என்று துடைத்துப் போட்டது. டாட்ஜர்ஸை அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அதே 3-0. பிரேவ்ஸ் பிலடெல்பியாவிடம் 3-1. மூன்று பெரிய அணிகளும் சேர்ந்து பத்து ஆட்டம் ஆடி ஜெயித்தது ஒன்றே ஒன்று. இதில் அரிசோனாதான் வேடிக்கை. அந்த வருடம் 84 ஆட்டம் மட்டும் ஜெயித்த அணி அது. டாட்ஜர்ஸும் அவர்களும் ஒரே பிரிவு. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஓடிய ஓட்டத்தில் 16 ஆட்டம் பின்தங்கியவர்கள், அக்டோபர் 7-லிருந்து 11-க்குள் கணக்கை முடித்துவிட்டார்கள்.

அமைப்பு தெரியாதவர்களுக்காக: மொத்தம் 30 அணிகள், அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு லீக், ஒவ்வொன்றிலும் மூன்று பிரிவு. 2022 முதல் லீக்குக்கு ஆறு அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன. மூன்று பிரிவுகளின் முதலிடக்காரர்கள், அப்புறம் மீதி அணிகளில் அதிகம் ஜெயித்த மூன்று. இந்தக் கடைசி மூன்றுக்குத்தான் வைல்டு கார்டு என்று பெயர். பிரிவு வென்ற மூன்றில் முதல் இரண்டு அணிகளுக்கு முதல் சுற்று கிடையாது. மற்ற நான்கும் மூன்று ஆட்டத் தொடரில் மோதும். அந்த மூன்று ஆட்டமும் தரவரிசையில் மேலே இருக்கும் அணியின் மைதானத்திலேயே. அதில் ஜெயித்த இரண்டு அணிகள், ஓய்வில் இருந்த இரண்டு அணிகளை ஐந்து ஆட்டத் தொடரில் சந்திக்கும்; முதலில் மூன்று ஜெயிப்பவர் மேலே போவார். அதுதான் டிவிஷன் சீரிஸ். அதற்குப் பிறகு லீக் இறுதி, அப்புறம் இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் வேர்ல்டு சீரிஸ், இரண்டுமே ஏழு ஆட்டம்.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று உறுத்தும். அங்கே முதல் இரண்டு இடம் பிடித்த அணி ஒரு ஆட்டம் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. இங்கே கிடைக்கும் சலுகை ஒரு சுற்றைத் தாண்டிப் போவதும், சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடுவதும்தான். களத்தில் இறங்கிய பிறகு முதலிடக்காரனும் ஆறாமிடக்காரனும் ஒன்றே.

இவ்வளவு சுற்றுகள் எப்போதும் இருந்ததில்லை. 1968 வரை லீக்கில் முதலிடம் பிடித்தவர் நேராக வேர்ல்டு சீரிஸ். 1969-ல் லீக்கை இரண்டாகப் பிரித்து ஒரு சுற்றைச் சேர்த்தார்கள். 1981-ல் வீரர்களின் வேலைநிறுத்தம் சீசனை நடுவில் இரண்டாக வெட்டியதால், அந்த ஒரு வருடம் மட்டும் டிவிஷன் சீரிஸ் என்று ஒன்று நடந்தது. 1994-ல் மூன்று பிரிவாக்கி வைல்டு கார்டையும் கொண்டுவந்தார்கள். அந்த வருடமும் வேலைநிறுத்தம், பிளேஆஃபே நடக்கவில்லை. ஆக, டிவிஷன் சீரிஸ் வருடா வருடம் நடக்கும் வழக்கம் 1995-ல்தான் தொடங்கியது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பேஸ்பால்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு உண்டு. எந்த அணியாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் ஜெயிக்கும், மூன்றில் ஒரு பங்கு தோற்கும், மீதி மூன்றில் ஒரு பங்கில் என்ன செய்கிறது என்பதுதான் சீசன். அதாவது 54 வெற்றி எல்லாருக்கும் நிச்சயம், 54 தோல்வி எல்லாருக்கும் நிச்சயம். ரொம்பப் பெரிய அணி என்றால் 100 ஜெயிக்கும். அப்போதும் 62 ஆட்டம் தோற்றிருக்கும். கால்பந்திலோ கூடைப்பந்திலோ ஒரு பெரிய அணி பத்துக்கு நான்கு ஆட்டம் தோற்றால் பயிற்சியாளர் வேலை போய்விடும். இங்கே அந்த அணிதான் முதலிடம்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூட நிகழ்தகவு போதும். ஒரு அணி எதிரணியைவிட உண்மையிலேயே வலுவானது, தனி ஆட்டத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு 55 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேஆஃபுக்கு வந்த அணிகளுக்குள் இது நல்ல இடைவெளிதான். மூன்று ஆட்டத் தொடர் வைத்தால் அந்த அணி ஜெயிக்கும் வாய்ப்பு 57 சதவீதம். ஐந்து ஆட்டம் வைத்தால் 59. ஏழு ஆட்டம் வைத்தால் 61. இரண்டு இரண்டாகத்தான் நகர்கிறது, கவனியுங்கள். ஐந்தை ஏழாக்கினால் நியாயம் கிடைத்துவிடும் என்று ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு கூட்டம் கோரிக்கை வைக்கும். அந்த இரண்டு ஆட்டத்துக்குக் கிடைப்பது இரண்டே சதவீதம். இந்த இரண்டு அணிகளையும் ஒன்றுக்கொன்று 162 ஆட்டம் மோதவிட்டால்தான் வலுவான அணி மேலே நிற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 90-ஐத் தொடும். இன்னொரு கணக்கு: ஓய்வு பெற்று நேராக டிவிஷன் சீரிஸுக்கு வரும் அணி, எதிரில் வரும் ஒவ்வொருவரிடமும் இதே 55 சதவீத வலுவோடு ஆடினாலும், மூன்று தொடரும் ஜெயித்துக் கோப்பை தூக்கும் வாய்ப்பு 22 சதவீதம்தான். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை.

எண்ணில் மட்டும் சொன்னால் மனசு ஒப்பாது. 2023 டாட்ஜர்ஸின் மட்டையாளர்களைப் பாருங்கள். மூக்கி பெட்ஸ், ஃபிரெடி ஃபிரீமன் இருவரும் அந்த வருடம் நேஷனல் லீக்கின் சிறந்த வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாவதும் மூன்றாவதும் வந்தவர்கள். அரிசோனாவுக்கு எதிரான மூன்று ஆட்டத்தில் பெட்ஸ் 11 முயற்சியில் ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஓடிச் சேர்வது) அடிக்கவில்லை. ஃபிரீமன் 10-க்கு ஒன்று. இதே மாதிரி மூன்று நாள் மந்தம் ஜூன் மாதம் வந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். உலகத்திலேயே நல்ல மட்டையாளனும் பத்துக்கு ஏழு தடவை அவுட் ஆகித் திரும்புகிற விளையாட்டு இது. பதினோரு முயற்சி என்பது ஒரு தும்மல்.

ஆனால் எல்லாவற்றையும் அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பிக்கவும் கூடாது. அக்டோபரில் ஆட்டமே கொஞ்சம் மாறுகிறது, காரணம் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள். சீசனில் ஒரு அணிக்கு ஐந்து ஸ்டார்ட்டர்கள், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்கள் இருப்பார்கள்; முறை வைத்து ஐந்தாறு நாளைக்கு ஒரு தடவை ஒருவர் வீசுவார். ஐந்து ஆட்டத் தொடரில் நடுவே பயண நாள் வருவதால் மூன்று பேர் போதும், சில சமயம் நான்கு. ஆக, ஐந்து பேரும் பரவாயில்லை ரகம் என்ற அணிக்கு அக்டோபரில் ஆதாயம் இல்லை. இரண்டு பேர் அசாத்தியம், மற்ற மூவர் சுமார் என்ற அணி திடீரென்று பெரிய அணியாகிவிடும். சீசனை ஜெயிப்பது ஆள்பலம். இந்தச் சுற்றை ஜெயிப்பது அந்த வாரத்தில் யார் கை நலமாக இருக்கிறது என்பது.

டாட்ஜர்ஸ் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். 2023 அக்டோபருக்குள் அவர்களுடைய ஸ்டார்ட்டர்களில் பாதிப் பேர் காயத்திலும் வேறு காரணங்களிலும் வெளியே. முதல் ஆட்டத்துக்கு கிளேட்டன் கெர்ஷாவை இறக்கினார்கள். லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று தடவை வாங்கியவர். ஆனால் அந்த வருடம் தோள்பட்டை சரியில்லை, சீசன் முடிந்ததும் அறுவை சிகிச்சையே செய்துகொண்டார். முதல் இன்னிங்ஸ் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் ஒரு அணி மூன்று அவுட் ஆகும்வரை மட்டை பிடிக்கும்). டயமண்ட்பேக்ஸின் முதல் ஐந்து மட்டையாளர்களில் ஒருவரைக்கூட அவரால் அவுட்டாக்க முடியவில்லை. ஐந்தாவது ஆள் கேப்ரியல் மொரேனோ பந்தை வேலிக்கு வெளியே அடித்து, மூன்று ரன் ஹோம் ரன்னாகவே எடுத்தார். கெர்ஷா ஒரே ஒரு அவுட் எடுத்துவிட்டு, ஆறு ரன் கொடுத்துவிட்டு வெளியே போனார். மைதானத்துக்குத் தாமதமாக வந்தவர்கள் கார் நிறுத்தி உள்ளே நுழைவதற்குள் ஆட்டம் முடிந்த மாதிரிதான். 11-2.

இரண்டாவது ஆட்டத்துக்கு பாபி மில்லர் என்ற புதுமுகம், மூன்றாவதற்கு லான்ஸ் லின். லின் மூன்றாவது இன்னிங்ஸில் நான்கு ஹோம் ரன் கொடுத்தார், ஒரே இன்னிங்ஸில் நான்கு. மூன்று ஸ்டார்ட்டர்களும் சேர்ந்து மூன்று ஆட்டத்தில் எடுத்த அவுட் மொத்தம் 14. ஒரு நல்ல ஸ்டார்ட்டர் ஒரே ஆட்டத்தில் 18 எடுப்பார். நூறு ஆட்டம் ஜெயித்த அணி என்று நாம் சொல்வது ஒரு நீண்ட பட்டியலை. அக்டோபரில் மைதானத்துக்கு வந்தது அந்தப் பட்டியலில் மிஞ்சியவர்கள். இதை ஓய்வின் தலையில் கட்டினால் எப்படி?

சரி, ஓய்வுக் கதைக்கு வருகிறேன். முதல் சுற்றைத் தாண்டும் அணிக்கு ஐந்து நாள் ஆட்டம் கிடையாது. ஏப்ரலிலிருந்து தினமும் ஆடிப் பழகியவர்களுக்கு இது நீண்ட இடைவெளிதான். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தை அடிக்க வேண்டியவர்களுக்குக் கண் பழக்கம் விட்டுப்போகும் என்ற வாதத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. அணிகளும் அதை நம்பித்தான் அந்த ஐந்து நாளில் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிப் பார்க்கின்றன. 2022-லும் இது நடந்தது: 111 ஆட்டம் ஜெயித்த டாட்ஜர்ஸ் 89 ஜெயித்த சான் டியாகோ பாட்ரேஸிடம் 3-1 என்று தோற்றது, 101 ஜெயித்த பிரேவ்ஸ் 87 ஜெயித்த பிலடெல்பியாவிடம் அதே 3-1. அந்த சீசனில் டாட்ஜர்ஸும் பாட்ரேஸும் 19 தடவை மோதி 14 டாட்ஜர்ஸ் பக்கம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், சந்தேகம் வருவது இயல்பு. அடுத்தடுத்து இரண்டு வருடம் இப்படி நடந்ததும் ஆடாமல் இருந்து துருப் பிடித்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்துவிட்டன.

ஆனால் நான்கு வருடத்தையும் எண்ணிப் பாருங்கள். ஓய்வு பெற்ற அணி வருடத்துக்கு நான்கு. 2022-ல் நான்கில் இரண்டு ஜெயித்தன: ஹூஸ்டனும் நியூயார்க் யாங்கீஸும். 2023-ல் ஹூஸ்டன் மட்டும். 2024-ல் மூன்று: யாங்கீஸ், கிளீவ்லண்ட், டாட்ஜர்ஸ். 2025-ல் மறுபடி மூன்று: டொரன்டோ, சியாட்டில், மில்வாக்கி. ஆக 16-க்கு 9, அதாவது 56 சதவீதம். மேலே நான் போட்ட கணக்கில் வந்த 59-க்குப் பக்கத்து வீடு. ஓய்வு அணிகளைக் கெடுக்கிறது என்றால் இந்த எண் 50-க்குக் கீழே போயிருக்க வேண்டும். 16 தொடர் என்பதும் சின்ன எண்தான், அதை வைத்து நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் துருக் கதை சொன்னவர்கள் எட்டுத் தொடரை வைத்துக்கொண்டுதான் சத்தியம் செய்தார்கள். 2024-க்குப் பிறகு அந்தக் குரல்கள் கொஞ்சம் அடங்கிவிட்டன.

அதுவும் போக, ஓய்வே இல்லாத காலத்திலும் இதேதான் நடந்தது. ஓக்லண்ட் அத்லெடிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன பட்ஜெட் அணி. டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி ஜிட்டோ என்று மூன்று அருமையான ஸ்டார்ட்டர்கள். நான் சொன்ன "அசாத்தியமான பிட்சர்" விதிப்படி இந்தச் சுற்றுக்கென்றே வார்த்த அணி. 2000-லிருந்து 2003 வரை நான்கு வருடமும் டிவிஷன் சீரிஸுக்கு வந்தார்கள். நான்கு வருடமும் ஐந்தாவது ஆட்டம் வரை போனார்கள். நான்கு வருடமும் 3-2 என்று தோற்றார்கள். 2001-லும் 2003-லும் முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டு, மீதி மூன்றையும் விட்டார்கள். நடுவில் 2002-ல் தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்து லீக் சாதனையும் படைத்திருந்தார்கள். அந்த வருடம் வெற்றி 103. வெளியேற்றியது மின்னசோட்டா.

அந்த 2001 தொடரின் மூன்றாவது ஆட்டத்தை விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும். அக்டோபர் 13, ஓக்லண்ட் மைதானம். அத்லெடிக்ஸ் 2-0 என்று முன்னிலை, இன்னும் ஒன்று ஜெயித்தால் போதும். யாங்கீஸ் 1-0 என்று முன்னால். ஏழாவது இன்னிங்ஸின் பின்பாதி, இரண்டு அவுட். அத்லெடிக்ஸின் ஜெரமி ஜியாம்பி முதல் பேஸில் நிற்கிறார் (மூன்று பேஸையும் சுற்றி ஓடி ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன்). டெரன்ஸ் லாங் வலது மூலைக்கு ஒரு டபுள், அதாவது இரண்டு பேஸ் ஓடக்கூடிய அடி, அடிக்கிறார். ஜியாம்பி இரண்டாவது பேஸைத் தாண்டி, மூன்றாவதைத் தாண்டி, ஹோம் பிளேட்டை நோக்கி ஓடி வருகிறார். வலது மூலையிலிருந்து ஷேன் ஸ்பென்சர் வீசிய பந்து, நடுவில் வாங்கிக் கொடுக்க நின்றிருந்த இருவரின் தலைக்கும் மேலே போய்விடுகிறது. பந்து முதல் பேஸ் கோட்டுப் பக்கம் அநாதையாக உருண்டு வருகிறது. சமன் ஆகப் போகிறது என்று எல்லாரும் நினைக்கும்போது யாங்கீஸின் டெரக் ஜீட்டர் அங்கே முளைக்கிறார். அவர் ஷார்ட்ஸ்டாப், அவருடைய இடம் மைதானத்தின் மறுபக்கம். ஓடிக்கொண்டே பந்தை எடுத்து, நின்று வீச நேரமில்லாமல், பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டிவிடுகிறார், வீட்டில் சாவியைத் தூக்கிப்போடுவது மாதிரி. கேட்சர் ஜார்ஜ் பொசாடா வாங்கித் திரும்பி, பிளேட்டை எட்டும் முன் ஜியாம்பியின் காலில் பந்தால் தொடுகிறார். ஜியாம்பி சறுக்கவில்லை, நின்றபடியே ஓடி வந்தார். அவுட். ஆட்டம் அந்த 1-0-விலேயே முடிந்தது. அடுத்த இரண்டையும் யாங்கீஸ் ஜெயித்தது.

ஜியாம்பி சறுக்கியிருந்தால் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் கிடையாது, ஓக்லண்ட்காரர்கள் இன்றுவரை கேட்பதை நிறுத்தவும் இல்லை. 102 ஆட்டம் ஜெயித்த ஒரு அணியின் வருடம் ஒரு சறுக்கலில் தொங்கியது. சீசனில் இப்படி ஒரு ரன் போனால் மறுநாள் வேறு ஆட்டம் இருக்கும், அவ்வளவுதான்.

அமைப்பே விபரீதம் செய்த வருடமும் உண்டு. 2021-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 107 வெற்றி, டாட்ஜர்ஸ் 106. அந்த வருடம் மொத்த லீக்கிலும் முதல் இரண்டு அணிகள் இவைதான். ஒரே பிரிவில் இருந்த பாவத்துக்கு டாட்ஜர்ஸ் வைல்டு கார்டு அணியாகி, ஒற்றை ஆட்டத்தில் செயின்ட் லூயிஸைத் தாண்டி வந்து, டிவிஷன் சீரிஸிலேயே ஜயன்ட்ஸைச் சந்தித்தது. இறுதிப்போட்டியாக இருக்க வேண்டியது முதல் வாரத்திலேயே நடந்தது. ஐந்தாவது ஆட்டம், 2-1 என்று டாட்ஜர்ஸ் முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், கடைசி அவுட் மட்டும் பாக்கி. ஜயன்ட்ஸின் வில்மர் ஃபுளோரஸ் மட்டையைப் பாதியில் நிறுத்தினார். நிறுத்தவில்லை, சுழற்றிவிட்டார் என்று முதல் பேஸ் நடுவர் கையைத் தூக்கினார்; சுழற்றிப் பந்தைத் தவறவிட்டால் ஸ்ட்ரைக், இது மூன்றாவது, ஆகவே அவுட். ரீப்ளேயில் பார்த்தால் மட்டை பாதிகூடத் தாண்டவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 107 வெற்றி அந்தக் கையசைவோடு முடிந்தது. அதை மறுபரிசீலனை செய்ய விதியில் இடமில்லை.

இதற்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஜப்பானில் லீக் இறுதிச் சுற்றை, சீசன் முதலிடக்காரருக்கு ஒரு வெற்றியை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். எல்லா ஆட்டமும் அவர் மைதானத்தில் வேறு. கொரியாவில் இன்னும் கறார்: வைல்டு கார்டு சுற்றில் நான்காம் இடக்காரர் ஒரு ஆட்டம் ஜெயித்தால், ஏன் டிரா செய்தாலே போதும், ஐந்தாம் இடக்காரர் இரண்டையும் ஜெயிக்க வேண்டும். 2015-ல் தொடங்கிய அந்தச் சுற்றில் ஐந்தாம் இடக்காரர் ஒருவர் மேலே போனது 2024-ல்தான், கேடி விஸ் அணி. எனக்குப் பிடித்தது கொரிய முறை. ஆறு மாத உழைப்புக்கு அங்கேதான் கையில் ஏதாவது கொடுக்கிறார்கள். ஆனால் இப்படி முன்கூட்டியே வெற்றி கொடுப்பதும் சர்வரோக நிவாரணி இல்லை. அதே 2024-ல் ஜப்பானில், 71 ஜெயித்து 69 தோற்று மூன்றாமிடம் வந்த யோகோஹாமா, ஒரு வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த யோமியூரி ஜயன்ட்ஸை வீழ்த்தி, ஜப்பான் சீரிஸையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அமெரிக்காவில் இதெல்லாம் வரும் என்று தோன்றவில்லை. பிளேஆஃப் டிக்கெட்டும் தொலைக்காட்சிப் பணமும் ஒருபக்கம். இன்னொரு பக்கம், 84 வெற்றி பெற்ற ஊரிலும் அக்டோபர் மாதம் நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, காரணம் நானே ஒரு காலத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், இவ்வளவு தூரத்திலிருந்து.

2022 அக்டோபர் 15. சியாட்டில் மரைனர்ஸுக்கு 21 வருடத்துக்குப் பிறகு சொந்த ஊரில் ஒரு பிளேஆஃப் ஆட்டம். டிவிஷன் சீரிஸின் மூன்றாவது ஆட்டம், ஹூஸ்டன் 2-0 முன்னிலை. நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத் தொடங்கியது. ஒன்பது இன்னிங்ஸில் முடியும், நாலரை ஐந்து மணிக்காவது படுத்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். ஒன்பது முடிந்தது, 0-0. பன்னிரண்டு, 0-0. வெளியே பால் பாக்கெட் வந்து விழுந்த சத்தம் கேட்டது. பதினைந்தாவது இன்னிங்ஸில் அம்மா எழுந்து வந்து, "இன்னும் தூங்கலையா?" என்று கேட்டுவிட்டு, திரையில் 0-0-ஐப் பார்த்து, "இவ்வளவு நேரம் ஆடியும் ஒண்ணுமே அடிக்கலையா?" என்றார். நல்ல கேள்வி. பதினெட்டாவது இன்னிங்ஸின் முன்பாதியில் ஹூஸ்டனின் ஜெரமி பென்யா ஒரு ஹோம் ரன் அடித்தார். 1-0. ஆறு மணி நேரம் 22 நிமிடம். எட்டு மணிக்குக் காபியோடு உட்கார்ந்தேன். மரைனர்ஸின் வருடம் முடிந்திருந்தது.

மூன்று வருடம் கழித்து, 2025 அக்டோபர் 10, அதே மைதானம், அதே சுற்று, ஐந்தாவது ஆட்டம். எதிரணி டெட்ராய்ட். அவர்களுடைய ஸ்டார்ட்டர் டாரிக் ஸ்கூபல் 13 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்துவிட்டு ஆறு இன்னிங்ஸோடு போனார். அந்தக் கைக்கு எதிராக ஜெயிக்க வழியே இல்லை. அவர் போகும்வரை தாக்குப்பிடிப்பதுதான் வழி. தாக்குப்பிடித்தார்கள். 2-2 என்று பதினைந்தாவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. கடைசியில் ஹோர்ஹே பொலாங்கோ ஒரு சிங்கிள் அடித்து 3-2 ஆக்கினார். சீசனில் ஸ்கூபலுக்கு இருந்த பெருமையோ, இரண்டு அணிகளின் வெற்றிக் கணக்கோ அந்த சிங்கிளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அடுத்த சுற்றில் டொரன்டோவிடம் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். அது தனிக் கதை, யாராவது கேட்டால் எழுதுகிறேன்.